மீன் பெட்டிக்குள் கித்தேரியான்

கித்தேரியான் எங்கள் மீனவர் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். ஃபைபர் படகுக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடன். படகு இல்லை, எஞ்சின் இல்லை, வாங்கிய ஆளும் இல்லை. குரல் மட்டும் தினமும் சாயங்காலம் ரேடியோவில் வந்துகொண்டிருந்தது. அதனால் கடனும் இருந்தது.

ஜாமீன் போட்டவன் நான். பெயர் இன்னாசிமுத்து, ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார்களை, அதாவது பெரிய ஐஸ் கட்டிகளை, உடைக்கிற வேலை. நாற்பது வயசு தாண்டித்தான் எழுத்துக் கூட்டப் படித்தேன். கைநாட்டை விட்டுவிட்டு முதன்முதலில் முழுசாகப் போட்ட கையெழுத்து அந்த ஜாமீன் தாளில்தான். கித்தேரி அண்ணன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கோழி கிளறின மாதிரி இருக்கு, ஆனாலும் சங்கத்துல காசு தந்திருவாங்க என்றார். தந்தார்கள்.

கடலுக்குள் போகிற படகுகளோடு பேச எங்கள் ஊரில் ஒரு ரேடியோ செட்டு உண்டு. கரைப்பெட்டி என்போம். அது எங்களுடையதே இல்லை. ஒரு புயல் வருஷத்தில் பாளையங்கோட்டை ஹாம் ரேடியோக்காரர்கள் கொண்டுவந்து வைத்தது. ஹாம் என்றால், சொந்த ஆசைக்கு லைசென்ஸ் வாங்கி உலகம் பூராவும் ரேடியோவில் பேசிக்கொள்கிறவர்கள். புயல் போனது, அவர்களும் போனார்கள், செட்டு எங்களிடம் தங்கிவிட்டது. பின்னால் சங்கம் அதில் ஒட்டுச் சில்லு என்று ஒரு சிப்பை வாங்கிச் செருகியது.

ஒட்டுச் சில்லின் வேலை இதுதான். காற்றிலும் மழையிலும் பேச்சு பிய்ந்து பிய்ந்து வரும். சில்லு ஒவ்வொருத்தர் குரலையும் பழகிவைத்துக்கொண்டு, பிய்ந்த இடத்தை அவர் குரலிலேயே தைத்துக் கொடுக்கும். பாதி டீசலும் பாதி வலையுமாக வருகிற பேச்சு, டீசல் தீர்ந்துபோச்சு, வலை அறுந்துபோச்சு என்று நமக்கு முழுசாகக் கேட்கும். நல்ல சாமான்தான். எஞ்சின் நின்ற படகு இரண்டை அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் படகு ஒன்றாவது கடலில் இருக்கிறவரை கரைப்பெட்டியை அணைக்கக்கூடாது, ஏரியல் வயரைக் கழற்றக்கூடாது. கடைசியாகக் கரைக்கு வருகிறவர் உப்புக் கையோடு வந்து சுவிட்சை அணைக்க வேண்டும். பெட்டி அணைந்தால் எல்லாரும் வந்தாச்சு என்று அர்த்தம். அடுப்பில் உலை வைத்துவிட்டு அதற்காகக் காத்திருக்கிற பெண்கள் இருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று கித்தேரி அண்ணன் தனியாகப் போனார். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. மற்றவர்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் தேடிப் போனவர்களுக்கு அவருடைய மஞ்சள் டீசல் கேன் கிடைத்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லை. கரைப்பெட்டியை யாரும் அணைக்கவில்லை, கடைசியாக வர வேண்டியவர் வராததால்.

அவர் மனைவி அமலோற்பவம். எனக்கு மைனி, அதாவது அண்ணி முறை. இறால் கம்பெனியில் தலை கிள்ளுகிற வேலை. வேலை விட்டு வரும்போது தினமும் பெட்டி அறைக்குப் போய் மைக்கை எடுத்து அண்ணனோடு பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். முன்பும் அப்படித்தான், அவர் காணாமல் போன பிறகும் அப்படித்தான். மாசக் கணக்கில் பேசினார். தை பிறந்து ஒரு சாயங்காலம் பெட்டி பதில் சொன்னது.

"அமலி, சாப்டியா? முதுகு எப்படி இருக்கு? தைலம் பையில இருக்கு, தேய்ச்சுக்கோ."

கித்தேரி அண்ணன் குரல். ஊரே ஓடியது. படகுகள் போய்த் தேடின. மறுபடியும் போயின. ஒன்றும் இல்லை. ஆனால் குரல் மறுநாளும் வந்தது. நீங்க எங்க இருக்கிய என்று கேட்டால் அதற்குப் பதில் வராது. சாப்டியா, முதுகு எப்படி இருக்கு, கண்ணு முழிக்காம நேரத்துக்குத் தூங்கு. இப்படித்தான் வந்தது. பங்குக் கோயிலில் இரங்கல் பூசைக்குக் கட்டியிருந்த பணத்தை நன்றிப் பூசைக்கு மாற்றிக்கொண்டார்கள். மைனிக்கு முதுகுவலி என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு தைலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மைனிக்கு முதுகுவலி கிடையாது. வாங்கி வைத்துக்கொண்டார்.

சங்கச் செயலாளர் தஸ்நேவிஸ் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். கடலில் இறந்தால் காப்பீட்டில் கடன் தீர்ந்துவிடும். ஆனால் கரைப்பெட்டியில் குரல் கேட்கிற ஆள் கடலில் இருக்கிறவர் என்றுதான் விதி. கடலில் இருக்கிறவர் தவணை கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும்.

"அவரு பேசுதாரு வே," என்றார் தஸ்நேவிஸ். "பேசுத ஆளை நான் எப்படி செத்தவன்னு எழுத?"

அவர் மேல் தப்பு சொல்லவும் முடியாது. ஒழுங்கான மனுஷன். பொதுக்குழுவுக்கு வரவில்லை என்று கித்தேரி அண்ணனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். சங்கத் தேர்தலில் அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தது. யாரோ அவருடைய ஓட்டைப் போட்டும்விட்டார்கள்.

மைனி முடிந்ததைக் கட்டினார். மீதியை ஐஸ் கம்பெனிக்குச் சொல்லி என் கூலியில் பிடித்தார்கள். இதை நான் மைனியிடம் சொல்லவில்லை. அவரும் மீதிப் பணம் எங்கிருந்து போகிறது என்று கேட்கவில்லை. சங்கம் பொறுத்துக்கொள்கிறது என்று நினைத்திருக்கிறார். நான் இரண்டாவது ஷிப்ட் எடுத்தேன். பிறகு சைக்கிளை விற்றேன். செத்தவருக்கு ஓவர்டைம் பார்க்கிற ஒரே ஆள் நீங்கதான் என்று என் வீட்டுக்காரி சலேத்து சொன்னாள். செத்தவர் என்று சொல்லாதே என்றேன். அப்போ உயிரோட இருக்கிறவருக்கா பார்க்குதிய, அவரே வந்து பார்க்கட்டுமே என்றாள். இரண்டு பக்கமும் அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

என் நிலைமை இப்படி. குரல் வெளியிலிருந்து வந்தால் அண்ணன் உயிரோடு இருக்கிறார், நான் சாகும்வரை ஐஸ் உடைக்க வேண்டும். பெட்டிக்குள்ளிருந்தே வந்தால் அண்ணன் செத்துவிட்டார், நான் தப்பித்தேன். எதற்காக ஜெபிப்பது என்று தெரியாமல் கோயிலில் பொதுவாக ஜெபித்தேன்.

ஆடி மாசம் பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு அம்மா வந்தார். பெயர் ஜெபகனி. பாங்கில் வேலை, ஹாம் ரேடியோவில் ரொம்ப வருஷ அனுபவம். அவர்கள் ஹாம் சங்கத்தில் சாமான் கணக்கு எடுத்தார்களாம், ஒரு செட்டு குறைந்ததாம். பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவரை நாங்கள் டீ கொடுத்து உட்காரவைத்துச் சாயங்காலம் வரை நிறுத்தினோம். குரல் வந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்கவில்லை, பெட்டி முகப்பில் சத்தத்தின் அளவு காட்டுகிற சின்ன முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று மழையிலும் இதே அளவு கேட்டதா என்று கேட்டார். அதே அளவுதான் என்றோம். குமிழைக் கொஞ்சம் திருப்பினார். வெளி ஸ்டேஷன் என்றால் திருப்பினதும் விலகிப் போய்விடுமாம். இது விலகவில்லை. கூடவே வந்தது.

வெளியே கூட்டிப்போய் எனக்கும் தஸ்நேவிஸுக்கும் சொன்னார்.

"சில ரிசீவர் தானே கத்தும். வெளியே ஒண்ணுமே இருக்காது, செட்டுக்குள்ளேயே பிறக்கிற சத்தம். எங்க ஆளுங்க அதைக் குருவின்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்துல வெறும் விசிலா வரும். இங்க சில்லு இருக்கு, அதான் பேசுது."

"நிச்சயமா?" என்றார் தஸ்நேவிஸ்.

"நிச்சயமாச் சொல்ல ஏரியலைக் கழட்டிப் பாக்கணும். கழட்டினதும் நின்னா வெளியிலருந்து வருது. நிக்கலேன்னா உள்ளேருந்து வருது. ஒரு நிமிஷ வேலை. இத்தனை நாள்ல யாருமே கழட்டிப் பாக்கலையா?"

நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். படகு கடலில் இருக்கும்போது ஏரியலைக் கழற்றுவதைப் பற்றி அந்த ஊரில் யாரும் யோசித்ததுகூட இல்லை என்பதை ஒரு பாங்க்கார அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் ஒருமாதிரி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அதான் விஷயம்," என்றார். "தினமும் அணைச்சிருந்தா சில்லு பழசை மறந்துட்டுப் புதுசா ஆரம்பிச்சிருக்கும். அது கணக்குல அந்த ஒரு படகு இன்னும் கடல்லயே இருக்கு. அதனால ஏரியல்ல வர்ற வெறும் இரைச்சலைக்கூட அந்தப் படகோட பிய்ஞ்ச பேச்சுன்னு நினைச்சுத் தைக்கப் பாக்குது. வெளியே இரைச்சல் இல்லாட்டி செட்டோட சொந்த இரைச்சல் போதும் அதுக்கு."

விஷயம் மைனிக்குப் போனது. அவர் பெட்டி அறை வாசலில் வந்து நின்றார். 

"நீங்க கழட்டுத அந்த ஒரு நிமிஷம் பாத்து அவுக நெசமாவே கூப்பிட்டா?" என்று கேட்டார்.

அன்றைக்கு யாரும் வயரைத் தொடவில்லை. ஜெபகனி போன் நம்பரை என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் உள்ளூரக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். அண்ணனுக்காகவா சைக்கிளுக்காகவா என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். இறால் கம்பெனியில் ஐஸ் தட்டுப்பாடு வந்து மைனியை எங்கள் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். மத்தியான வெயிலில் நான் பாரை இழுத்துப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு என் ஷிப்ட் தெரியும். காலையோடு முடிய வேண்டியது. 

"இந்நேரம் இங்க என்ன செய்யுதிய, இன்னாசி தம்பி?"

"ஐஸ் உடைக்கேன், மைனி."

"சைக்கிள் எங்க?"

"வித்தாச்சு. நடந்தா உடம்புக்கு நல்லதாம்."

அவர் என் கையைப் பார்த்தார். ஐஸ் உடைக்கிறவன் கையில் குளிர் பட்டுப் பட்டுத் தோல் வெடித்து வெள்ளையாகிவிடும். ஒரு ஷிப்டுக்கு ஒரு மாதிரி இருக்கும், இரண்டு ஷிப்டுக்கு வேறு மாதிரி இருக்கும். இறால் ஐஸில் கை வைத்து வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

"சங்கத்துல உங்க கிட்ட பிடிக்காங்களா?"

நான் பாரைத் திருப்பிப் போட்டேன்.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

ஐஸ் வண்டி நிரம்பினதும் அவர் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, அந்த மேடத்தை வரச் சொல்லுங்க என்றார்.

சோதனை அன்று தஸ்நேவிஸ் எல்லாப் படகையும் கரையிலேயே நிறுத்தச் சொன்னார். விதிப்படி கடலில் இருந்தது கித்தேரி அண்ணன் படகு மட்டும். பொழுது சாயும் நேரம் ஊரே பெட்டி அறையைச் சுற்றி நின்றது. யார் வயரைக் கழற்றுவது என்று வந்தபோது ஆண்கள் எல்லாரும் ஒரு அடி பின்னால் போனார்கள். நானும் போனேன். மைனிதான் முன்னால் வந்தார். திருகு இறுகியிருந்தது. முந்தானையால் பிடித்துத் திருப்பினார். வயர் கையோடு வந்தது. ஜெபகனி அந்த ஓட்டையில் ஒரு சின்ன மூடியைத் திருகி அடைத்தார்.

குரல் வந்துகொண்டிருந்தது. சாப்டியா என்றது.

அடுத்து கரண்ட் வயரையும் உருவிவிட்டு பாட்டரியில் ஓட்டினார். உருவும்போது பெட்டி அணைந்துவிடாமல் பாட்டரியை முதலிலேயே இணைத்துக்கொண்டார். குரல் வந்தது. தஸ்நேவிஸுக்குத் திருப்தி இல்லை. பக்கத்து ஊர் செட்டிலிருந்து சுவர் வழியாக வரலாமே, பெட்டியின் தகரம் பழசாச்சே என்றார். நல்ல கேள்வி என்றார் ஜெபகனி. முழுக்க உலோகத்தால் மூடின பெட்டி ஏதாவது இருக்கிறதா, உள்ளே வைத்து மூடினால் வெளி அலை எதுவும் நுழையாது என்றார்.

எங்கள் ஊரில் அப்படி ஒன்றுதான் இருக்கும். நான் போய் ஒரு அலுமினிய மீன் பெட்டியைக் கழுவி எடுத்துவந்தேன். நன்றாகத்தான் கழுவினேன், ஆனாலும் சூரை மீன் வாசம் போகவில்லை. பாட்டரியோடு ரேடியோவை அதற்குள் இறக்கி, மேல் மூடியைப் போட்டு, நாலு பக்கமும் கொக்கியை மாட்டினோம். ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான பெட்டி. நடுவில் வைத்துச் சுற்றி நின்றோம். அப்போதுதான் அது எப்படி இருக்கிறது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தலைப்பாகை கட்டியிருந்தவர்கள் அவிழ்த்தார்கள்.

மூடிக்குள்ளிருந்து அண்ணன் குரல் மெதுவாகக் கேட்டது.

"அமலி, சாப்டியா? தைலம் பையில இருக்கு, தேய்ச்சுக்கோ."

யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். மைனி பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒன்பது மாசமாக ஊருக்கு நடக்காமல் போன அடக்கம் அப்படி நடந்தது. அழுகிறவர்கள் அழுதார்கள். தஸ்நேவிஸ் ஓரமாக நின்று மூக்கைச் சிந்தினார். பிறகு ஜெபகனியிடம் எழுத்தில் வேண்டும் என்றார்.

வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையும் இல்லை என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சில்லை உருவிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், ஆனால் உருவினால் அது பழகினதெல்லாம் போய்விடும், குரல் உள்ளேயிருந்துதான் வருகிறது என்று எழுத இதுவே போதும் என்றார். கிளம்பும்போது அவருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. சில்லு தானாக எதையும் கற்பனை செய்யாது, கேட்டதைத்தான் திருப்பித் தைக்கும். இந்தத் தைலம், பை எல்லாம் உங்க வீட்டுக்காரர் எப்போ சொன்னது, அம்மா என்று மைனியிடம் கேட்டார்.

"அவுக சொன்னதில்ல," என்றார் மைனி. "நான் சொன்னது. அவுகளுக்குத்தான் முதுகுவலி. தைலம் பையில வச்சிருக்கேன், தேய்ச்சுக்கிடுங்கன்னு தினமும் மைக்குல சொல்லுவேன். சாப்டியளா, நேரத்துக்குத் தூங்குங்கன்னு சொல்லுவேன்."

 மைக் வயரும் அந்தச் சில்லு வழியாகத்தான் போகிறது, குரல் அவரோடது, வார்த்தை உங்களோடது என்று ஜெபகனி மெதுவாகச் சொன்னார். இத்தனை மாசமாக அண்ணன் படகைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தது மைனி ஒருத்தர்தான். அது வேறு யாரைக் கேட்டுப் பழகும்?

"கலியாணம் ஆன நாள்லருந்து என்னைச் சாப்டியான்னு அவுக கேட்டது கிடையாது," என்றார் மைனி. "கெட்ட மனுஷன் இல்ல. கேக்கணும்னு தோணாது. ரேடியோவுல வந்தா டீசல், ஐஸ், வலை. கடைசியா ஒரு கெட்ட வார்த்த. அவ்வளவுதான் அவுக பேச்சு."

நான்தான் கேட்டேன். "அப்போ முதல் நாளே அவுக இல்லன்னு தெரியுமா, மைனி?"

"முதல் வார்த்தையிலயே தெரியும்."

"பின்ன ஏன் தவணை கட்டுனிய?"

அவர் தைலத்தைப் பற்றிச் சொன்ன அதே மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"கேக்க நல்லாருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் சைக்கிள், என் இரண்டாவது ஷிப்ட் எல்லாம் அந்த ஒரு சாப்டியாவுக்குப் போயிருக்கிறது. கொஞ்ச நேரம் கோபத்துக்குக் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. களைப்பாக இருந்தது. தவிர, அந்தக் கேள்வியை நான் சலேத்திடம் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

காப்பீட்டுத் தாள் புரட்டாசியில் வந்தது. தஸ்நேவிஸ் அதை எடுத்துக்கொண்டு பெட்டி அறைக்கு வந்தார், என்னையும் வரச் சொல்லியிருந்தார். மைனி ஏற்கனவே அங்கே இருந்தார். கரைப்பெட்டி பழைய இடத்தில், மற்றப் படகுகளுக்காக ஏரியலைத் திரும்ப மாட்டி, எரிந்துகொண்டிருந்தது. தஸ்நேவிஸுக்கு ஒரு சிக்கல் பாக்கி. படகு கரைக்கு வராமல் படகுக் கடன் கணக்கை மூட விதி இல்லையாம். பெட்டி அணைந்தால்தான் எல்லாப் படகும் வந்ததாகக் கணக்கு.

"ஆளு செத்தாச்சுன்னு தாள் இருக்குல்லா," என்றேன்.

"ஆளுக்குத் தாள் இருக்கு வே. படகுக்கு இல்ல."

கடைசியாக வந்தவர்தான் அணைக்க வேண்டும் என்பதை மூன்று பேரும் நினைத்தோம்.  வெளியே மற்றப் படகுகளை இழுத்து ஏற்றுகிற சத்தம் கேட்டு, ஓய்ந்தது. வழக்கமான நேரத்துக்குப் பெட்டி பேசியது.

"அமலி, சாப்டியா?"

மைனி மைக்கை எடுத்தார். தினமும் அவர் திருப்பிக் கேள்விதான் கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை.

"சாப்டேன்," என்றார். "நீங்க இறங்கி வாங்க."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுவிட்சை அணைத்தார். முகப்பில் இருந்த வெளிச்சம் போனது. முள் இடது ஓரத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. எதிர் வீட்டில் யாரோ சோற்றை வடிக்க எழுந்த சத்தம் கேட்டது.

தஸ்நேவிஸ் மேஜையில் குனிந்து எழுதினார். படகு கரைக்கு வந்தது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, மூன்று லட்சத்து எண்பத்து நான்காயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய் கடனில் பாக்கி எதுவும் இல்லை, ஜாமீன்தாரர் விடுவிக்கப்பட்டார் என்று ஒரு வரி. என் கூலியில் பிடித்ததும் மைனி கட்டினதும் வட்டியில் போய்விட்டதாம், அதைத் திருப்பித் தர விதி இல்லையாம். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, அவர் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மைனி தாளை வாங்கிப் பார்த்தார்.

"இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு," என்றார்.